ஆம்புலன்ஸ் இருக்கிறது, உள்ளே அமர்ந்திருப்பவர் யார்?





அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் சமுதாய ஆம்புலன்ஸ் என்பது இன்று அரிய காட்சியன்று. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் புதிய வாகனம் நிற்கும். கிராஅத் ஓதப்படும், ஆலிம் துஆச் செய்வார், சாவி கைமாறும். வாகனத்தின் பக்கவாட்டில் கொடையாளரின் மறைந்த பெற்றோரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய விழாக்களில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த வாகனத்தின் பின்பகுதியில், நோயாளியின் தலைமாட்டில் அமரப்போகிறவர் யார்? அவர் என்ன பயின்றார்? அவருடைய தகுதிக்குச் சான்றளித்தவர் யார்?

இக்கேள்விக்கு விடையில்லாத வாகனம் ஆம்புலன்ஸ் அன்று; அது சைரன் பொருத்திய வேன். பயிற்சி பெற்ற ஒருவர் உள்ளே இல்லாமல் ஒரு நோயாளியையும் ஏற்றக் கூடாது என்ற விதியை நம் ஜமாஅத்துகளும் அமைப்புகளும் தாமாகவே விதித்துக்கொள்ள வேண்டும். அரசு அதைச் சட்டமாக்கி எல்லா ஆம்புலன்ஸ்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். இதுவே நாம் இங்கு வலியுறுத்துவது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறோம். நாம் எந்த அமைப்பையும் குறைகூற வரவில்லை. தமுமுக உள்ளிட்ட இஸ்லாமிய அமைப்புகள் தமிழகமெங்கும் ஆம்புலன்ஸ் சேவை நடத்திவருவதை நாடறியும். கொரோனாக் காலத்தில் சொந்த உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் நம் சகோதரர்கள் எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். அந்தத் தியாகத்தை மதிப்பதால்தான் இதை எழுதுகிறோம். தியாகம் இருக்கும் இடத்தில் அறிவும் இருந்தால் இன்னும் எத்தனை உயிர்கள் பிழைக்கும் என்ற ஆதங்கமே இக்கட்டுரை.

வழியில் நடப்பவை

நோயாளியை மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டு சேர்ப்பதே ஆம்புலன்ஸின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். விரைவு வேண்டும்தான். ஆனால் உயிர் போவதும் நிற்பதும் பல வேளைகளில் வழியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ்ஸில் கை சிக்கி ஒரு தொழிலாளியின் விரல் துண்டாகிறது. பதற்றத்தில் உடனிருப்போர் அந்த விரலை ஐஸ்கட்டிகளுக்குள் நேராகப் போட்டுவிடுகின்றனர். திசு உறைந்து கெட்டுவிட்டால் அதை மீண்டும் பொருத்த வாய்ப்பில்லை. ஈரமான தூய துணியில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ்மீது வைக்க வேண்டும். அதன்பின் எங்கே செல்வது? கை அறுவை சிகிச்சையில் இந்தியாவுக்கே முன்னோடியான துறை நம் சென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இருக்கிறது. இவ்விரண்டையும் அறிந்தவர் வாகனத்தில் இருந்தால் ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் காப்பாற்றப்படலாம். அறியாதவர் இருந்தால் வழியில் தென்படும் முதல் நர்சிங் ஹோமில் வண்டி நிற்கும், நேரம் வீணாகும்.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இரு சக்கர வாகனத்திலிருந்து ஒருவர் தூக்கி எறியப்படுகிறார். நல்ல மனம் படைத்த நால்வர் ஓடிவந்து, ஆளுக்கொரு கை கால் பற்றித் தூக்குகின்றனர். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் சேதமடைந்து, அவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையிலேயே கிடக்க நேரிடலாம். கழுத்துப் பட்டை அணிவித்து, உடலைத் திருகாமல் ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்றுவது ஒரு கலை. அதைச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

பூந்தமல்லியிலிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு நோயாளிகளை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் நம்மில் பல. பயணம் 100 கிலோமீட்டருக்கும் மேல். ஆம்புலன்ஸில் வைக்கும் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் முழுமையாக நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 1,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் தேவைப்படும் நோயாளிக்கு அது இரண்டரை மணி நேரம் வரும். பாதியே இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். காவேரிப்பாக்கத்தைத் தாண்டுமுன் தீர்ந்துவிடுமா, தீராதா என்று புறப்படும் முன் மீட்டரைப் பார்த்துக் கணக்கிட ஒருவர் வேண்டாமா?

மாலை நேர நெரிசலில், அம்பத்தூர் ஓ.டி. அருகே, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒருவரின் இதயம் நின்றுவிடுகிறது. இனி ஓட்டுநரின் வேகத்தால் மட்டும் பயனில்லை. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மார்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஏ.இ.டி. கருவி இருந்தால் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருக்கும் வண்டியில் இதைச் செய்பவர் யார்? அழுதுகொண்டிருக்கும் மனைவியா? செய்வதறியாது நிற்கும் மகனா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நினைவிழந்து கிடக்கும் பெரியவரின் வாயில் பாசத்தோடு ஸம்ஸம் நீரை ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விழுங்கும் உணர்வற்றவருக்கு ஊற்றும் நீர், எவ்வளவு பரக்கத்தானதாக இருப்பினும், நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். உறவினர் மனம் நோகாமல் அந்தக் கையைத் தடுத்து, நோயாளியை ஒருக்களித்துக் கிடத்தும் அறிவும் துணிவும் பயிற்சி பெற்றவருக்கே வாய்க்கும்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

ஆம்புலன்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ்.-125 என்னும் தேசியத் தரக்குறியீடு உண்டு. அது வாகனங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: முதல் உதவியாளர் செல்லும் வாகனம், நோயாளியை இடம் மாற்றும் வாகனம், அடிப்படை உயிர்காப்பு வாகனம், உயர்நிலை உயிர்காப்பு வாகனம். உள்ளளவு, ஸ்ட்ரெச்சர், விளக்கு எல்லாவற்றுக்கும் அதில் இலக்கணம் உண்டு. ஆனால் அது வாகனத்துக்கான இலக்கணம். சாலையில் நிறுத்தினால் ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பின்னால் அமர்ந்திருப்பவரின் சான்றிதழைக் கேட்பவர் யார்?

தமிழகத்தில் பேருந்து நடத்துநர் உரிமம் பெற விரும்புவோர் முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும். பயணச்சீட்டுக் கிழிப்பவருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்று கருதிய அறிவு, உயிருக்குப் போராடுபவரின் அருகில் அமர்பவர் விஷயத்தில் எங்கே போயிற்று?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், தனியார் ஆம்புலன்ஸ்களின் கட்டணத்தை அரசு நிர்ணயம் செய்தது. கட்டணத்தை நிர்ணயிக்க முடிந்த அரசுக்கு, உள்ளே இருப்பவரின் தகுதியை நிர்ணயிக்க முடியாதா?

2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 சேவையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மருத்துவ உதவியாளராக வருவோர் நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம், உயிரியல் போன்ற படிப்புகளை முடித்திருக்க வேண்டும்; தேர்வானபின் 50 நாள் பயிற்சி. ‘பைலட்’ எனப்படும் ஓட்டுநருக்கும் 10 நாள் பயிற்சி உண்டு. 12 மணி நேர ஷிஃப்டில் உழைக்கும் அந்தத் தொழிலாளர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அதுவும் முழுமையன்று. 50 நாளை, நாளொன்றுக்கு 8 மணி நேரமாகக் கணக்கிட்டாலும் 400 மணி நேரமே வரும். 2021-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய, துணைமருத்துவத் தொழிலினருக்கான தேசிய ஆணையச் சட்டம், அத்தொழிலினர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் பயின்றிருக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் பட்டியலில் அவசரகால மருத்துவப் பணியாளரும் இடம்பெற்றுள்ளார். சட்டம் ஏட்டில் இருக்கிறது. நம் தெருவில் ஓடும் வண்டிக்குள் அது இன்னும் ஏறவில்லை.

படிக்க இடமில்லையா என்றால், இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன்’ என்னும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தப்படுகிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டப்படிப்பே உண்டு. நம் மஹல்லாக்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, செல்போன் கடையிலும் டெலிவரி வேலையிலும் காலம் கழிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படிப்புகளின் பெயராவது தெரியும்?

மார்க்கம் என்ன சொல்கிறது?

“அவர்கள் அல்லாஹ்வுக்காகச் செய்கிறார்கள், அவர்களிடம் சான்றிதழ் கேட்பது முறையா?” என்று சில சகோதரர்கள் வினவுகின்றனர். இதற்கு நாம் விடை தேட வேண்டியதில்லை. நம் மார்க்கமே விடையளித்திருக்கிறது.

மருத்துவம் அறிந்தவர் என்று முன்பு அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அந்த மனிதரின் எண்ணம் நல்லதா கெட்டதா என்று அங்கே கேட்கப்படவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதே அளவுகோல்.

ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் கூடாது என்றனர் அவர்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், உடன் சென்றோரே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்துகொண்டார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். உடன் சென்றோர் பகைவரல்லர். அவர்மீது அன்பு கொண்ட தோழர்களே. நல்லெண்ணத்தோடு கூடிய அறியாமை ஓர் உயிரைப் பறித்துவிட்டது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்?

நம் முன்னோர் இதை ஆட்சிமுறையாகவே ஆக்கினர். ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து எழுத்து மூலம் அனுமதி வழங்காத எவரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று அவர் ஆணையிட்டார். 860-க்கும் மேற்பட்டோர் அத்தேர்வுக்கு உட்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். சான்றிதழ் என்பது மேற்கிலிருந்து வந்த தொல்லை என்று எண்ணுவோர் பக்தாதின் வரலாற்றைப் படிக்கட்டும்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மன்சூரி மருத்துவமனையின் வக்ஃப் ஏற்பாடும் நமக்குப் பாடம். கட்டடம் எழுப்பியதோடு அந்த வக்ஃப் நிற்கவில்லை. மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் ஊதியம் வழங்கவும் அதிலிருந்து வழிசெய்யப்பட்டது. இன்று நம் வள்ளல்கள் தரும் கொடையோ வாகனத்தோடு முடிந்துவிடுகிறது. வாகனத்தில் பெயர் எழுதலாம். ஒரு மாணவனின் ஓராண்டுப் படிப்பின்மீது பெயர் எழுத இயலாது. ஆனால் ஸதகத்துல் ஜாரியாவின் ஏடு மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவதன்று.

சொல்லப்படும் மறுப்புகள்

“ஒன்றுமில்லாததற்கு இது மேல்” என்பது முதல் மறுப்பு. வேறு வழியே இல்லாத இடத்தில் இது சரி. 108 எட்டக்கூடிய ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இது சரியாகாது. ஆம்புலன்ஸ் என்று எழுதிய வண்டி வந்து நின்றதும், உதவி வந்துவிட்டதென்று நம்பி மக்கள் 108-ஐ அழைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானத். உள்ளே ஆளில்லாமல் அந்த நம்பிக்கையை ஏற்றுச் செல்வது அமானத்துக்கு மோசம்.

“விபத்தில் உதவுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டே” என்பது இரண்டாவது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, பலன் கருதாமல் உதவும் வழிப்போக்கரைக் காக்கிறது. அது மிக நல்ல சட்டம். விபத்தைக் கண்டால் அஞ்சாமல் உதவுங்கள் என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் சொல்லத் தக்கது. ஆனால் வண்டி வாங்கி, எண் அறிவித்து, அழைத்தால் வருவோம் என்று வாக்களிக்கும் நிறுவனம் வழிப்போக்கர் அன்று. வாக்களித்தவருக்குரிய பொறுப்பு அதற்கு உண்டு.

“சான்றிதழ் கட்டாயமானால் சேவைகள் நின்றுவிடும்” என்பது மூன்றாவது. நின்றுவிடாது என்பதற்கு அமெரிக்க வரலாறே சாட்சி. 1966-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்க நிறுவனங்களே நடத்துவதாகச் சுட்டிக்காட்டியது. படுக்கவைத்து எடுத்துச் செல்ல ஏற்ற வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நம் மஹல்லாவில் காலையில் ஜனாஸாவையும் மாலையில் நோயாளியையும் ஒரே வண்டியில் ஏற்றும் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே, 1967-இல், பிட்ஸ்பர்க் நகரின் ஏழைக் கறுப்பினப் பகுதியில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்னும் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. எதற்கும் லாயக்கற்றவர் என்று நகரம் ஒதுக்கிவைத்திருந்த வேலையற்ற கறுப்பின இளைஞர்களை மருத்துவர் பீட்டர் சாஃபர் சேர்த்து, சுமார் 300 மணி நேரம் பயிற்றுவித்தார். நாட்டின் முதல் பாராமெடிக்குகளில் அவர்கள் இடம்பெற்றனர். அங்கே உருப்பெற்ற பாடத்திட்டம் பின்னர் நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்திற்கு அடித்தளமாயிற்று. ஒதுக்கப்பட்ட சமூகம் ஒரு நாட்டுக்கே தரத்தைக் கற்றுக்கொடுத்தது. அதை நம் சமுதாயம் செய்ய முடியாதா?

நம் பெண் பிள்ளைகள்

ஆம்புலன்ஸ் என்றதும் ஆண்களை மட்டும் நினைப்பது இன்னொரு குறை. நடுநிசியில் பிரசவ வலியெடுத்த பெண், வழியிலேயே குழந்தை பிறந்துவிடும் நிலை. அங்கே ஒரு பெண் பணியாளர் இருப்பது எத்தகைய ஆறுதல்! நர்சிங் படித்த நம் சகோதரிகள் பலர் திருமணத்துக்குப் பின் வீட்டோடு இருந்துவிடுகின்றனர். “இரவு ஷிஃப்ட் வேண்டாம்மா” என்று தந்தையும் மாமியாரும் தடுத்துவிடுகிறார்கள். ஆனால் மதீனாவில் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த ருஃபைதா (ரலி) அவர்களை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். போர்க்களத்தில் காயம்பட்டோருக்கு மருந்திட்டதாக ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. புகழ்வது மேடையில், தடுப்பது வீட்டில் என்பது முறையாகாது. பாதுகாப்பான போக்குவரத்தும் உடன் பணிபுரிய இன்னொரு பெண்ணும் ஏற்பாடு செய்வது ஜமாஅத்தின் கடமை; மகளை அனுப்புவது குடும்பத்தின் கடமை.

மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி எழுதியுள்ளார். போதிய பேர் செய்தால் எல்லாருடைய பொறுப்பும் நீங்கும். எவரும் செய்யாவிடில் பாவம் எல்லாரையும் சேரும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வண்டிக்கு உண்மையான பெயரைச் சூட்டட்டும். பயிற்சி பெற்றவர் இருந்தால் ஆம்புலன்ஸ். இல்லையேல், டயாலிசிஸ்க்கும் டிஸ்சார்ஜுக்கும் செல்லும் நோயாளி ஊர்தி என்று எழுதி, சைரனைக் கழற்றிவிடலாம். ஜனாஸா வாகனம் தனியே இருக்கட்டும். உண்மையைச் சொல்வதில் இழிவில்லை.

இரண்டு: புதிய வண்டிக்கு வசூல் தொடங்குமுன், பணியாளர் இருவரின் இரண்டாண்டு ஊதியத்தையும் அதே திட்டத்தில் சேர்க்க வேண்டும். அது முடியாதெனில், பக்கத்து மஹல்லாவோடு சேர்ந்து ஒரு வண்டியை முறையாக நடத்தலாம். ஆளில்லாத ஐந்து வண்டிகளைவிட ஆளுள்ள ஒன்று மேல்.

மூன்று: இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் சகோதரர்களைக் கைவிடக் கூடாது. குறைந்த ஊதியத்தில் நள்ளிரவிலும் எழுந்தோடி வருபவர்கள் அவர்கள். முதலுதவியிலும் அடிப்படை உயிர்காப்பிலும் அவர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சி அளித்து, பயிற்சி நாட்களுக்கும் ஊதியம் வழங்கி, குறித்த காலத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

நான்கு: ஆண்டுதோறும் ஒவ்வொரு மஹல்லாவும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அவசர சிகிச்சைப் படிப்புக்கு அனுப்பட்டும். ஏழை மாணவருக்கு ஜகாத்திலிருந்து உதவலாமா என்பதை உள்ளூர் உலமாக்களிடம் கேட்டறிந்து செயல்படட்டும்.

ஐந்து: குடும்பத்தினர் கேட்கத் தொடங்க வேண்டும். வண்டி யாருடையதாயினும், “உடன் வருபவர் என்ன பயின்றவர்? ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது?” என்ற இரு கேள்விகளைக் கேட்பது அவமரியாதையன்று, நோயாளியின் உரிமை.

ஆறு: ஆம்புலன்ஸ் பணியாளரின் குறைந்தபட்சத் தகுதியையும் பதிவையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். சமுதாய வண்டி, மருத்துவமனை வண்டி, தனியார் வண்டி எதற்கும் விலக்கு வேண்டாம். இக்கோரிக்கையை முதலில் எழுப்புவோர் நாமாக இருப்போம். ஏனெனில் இச்சட்டம் வந்தால் பயன்பெறுவோர் எல்லாச் சமயத்து ஏழைகளுமே.

ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்று நமக்கு உணர்த்தும் அல்மாயிதாவின் 32-ஆம் வசனத்தை வண்டியின் வெளிப்புறத்தில் அழகாக எழுதிவைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அதைச் செயல்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான செலவும் உழைப்பும் நம்முடையவை.

நம் நல்லெண்ணங்களுக்கு அறிவையும், நம் அறிவுக்கு இஃக்லாஸையும் துணையாக்கி, பிறர் நம்பி ஒப்படைக்கும் உயிர்களைப் பேணும் தகுதியை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.